குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செயற்குழு 7 முறை கூடியது. மேலும் 2 கூட்டங்கள் போதிய வருகை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. ரத்ததான முகாமும் விளையாட்டு விழாவும் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்கு மனு அனுப்பப்பட்டது, நினைவூட்டலும் அனுப்பப்பட்டது.

அடுத்து, கர்ப்பகாலத்தில் புகை தவிர்க்கும் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘இது டாக்டர்கள் பார்க்க வேண்டிய வேலை, சங்கத்துக்கு எதற்கு?’ என்ற பேச்சு ஆண்டு முழுவதும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. டாக்டர் ஒரு கர்ப்பிணியை மாதத்தில் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் அவர் நம் மாடிப்படிகளில் ஏறி இறங்குகிறார், நம்மோடு லிஃப்டில் நிற்கிறார். அவர் மூச்சில் போகும் புகைக்கு நாமும் பொறுப்பு.

முதல் கூட்டத்தை மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று வைத்தோம். அதில் தவறு செய்தது நான்தான். பயமுறுத்தும் படங்களாகத் தேடி எடுத்துத் திரையில் காட்டினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு பெண் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தான் சிகரெட் பிடிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். “மூணு மாசம் ஆயிடுச்சு அக்கா, இனிமே விட்டு என்ன பிரயோஜனம்?” என்று கேட்டார். விடவைக்க வேண்டும் என்று நான் நடத்திய கூட்டம் அவருடைய நம்பிக்கையைத்தான் பறித்திருந்தது.

அன்றோடு படங்களை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்த 4 கூட்டங்களிலும் அவர் கேள்விக்கான பதிலைத்தான் முதலில் சொன்னேன். விட்ட ஒரே நாளில் புகையிலிருந்து ரத்தத்தில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வெகுவாகக் குறைந்துவிடும். முதல் 3 மாதத்துக்குள் விட்டவர்களின் குழந்தைகள், புகைக்காதவர்களின் குழந்தைகள் அளவுக்கே எடையோடு பிறக்கின்றன. அதைத் தாண்டி 6, 7 மாதத்தில் விட்டாலும் பலன் உண்டு, கடைசி மாதங்களில்தான் குழந்தை வேகமாக எடை போடுகிறது.

சரி, புகை உள்ளே போய் என்னதான் செய்கிறது? கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நஞ்சுக்கொடியையும் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. ஆக, போகும் ரத்தமும் குறைவு, அந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு. புகைக்கும் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறப்பது இதனால்தான். 37 வாரம் நிறையும் முன்பே பிரசவமாவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே கருப்பையிலிருந்து பிரிந்து ரத்தப்போக்கு ஏற்படுவது, கரு கருக்குழாயிலேயே தங்கிவிடுவது, குழந்தை இறந்தே பிறப்பது ஆகியவற்றுக்கான ஆபத்தும் கூடுகிறது. பிறந்த பின் தூக்கத்திலேயே திடீரென்று குழந்தை இறந்துபோகும் ஆபத்தும் இதோடு சேர்ந்ததுதான். இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயமல்ல. புகைக்கும் தாய்மார்களுக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் என்று அமெரிக்காவில் சிம்ப்சன் என்ற ஆய்வாளர் 1957லேயே எழுதிவிட்டார்.

கூட்டங்களில் அதிகம் வந்த பேச்சு, ‘குழந்தை சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபம்’ என்பது. இதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு வயிறு கலங்கியது. எடை குறைந்த குழந்தைக்கு மூச்சுவிடுவதே போராட்டமாகலாம். ‘திடீரென்று விட்டால் குழந்தைக்கு அதிர்ச்சி’ என்பதும் தவறு. எண்ணிக்கையைக் குறைப்பதோடு நிற்பவர்கள் பலர், தங்களை அறியாமல் ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக இழுத்து அந்தக் குறைவை ஈடுகட்டிவிடுகிறார்கள். மின் சிகரெட்டிலும் பெரும்பாலும் நிக்கோடின் இருக்கிறது. மெல்லும் புகையிலையும் குழந்தையின் எடையைக் குறைக்கிறது.

அந்தப் பெண் நடுவில் ஒருமுறை மறுபடி பற்றவைத்துவிட்டு, போனில் அழுதார். “நாளைக்குத் திரும்ப ஆரம்பிக்கலாம்மா” என்றேன். ஆரம்பித்தார். டாக்டரிடம் மறைக்காமல் சொன்னார். அப்புறம் அவர் அதைத் தொடவே இல்லை.

இனி என் வருத்தம். இந்த 5 கூட்டங்களுக்கும் சேர்த்து வந்த ஆண்கள் 6 பேர். தான் புகைக்காத கர்ப்பிணியையும் வீட்டிலிருப்பவர் விடும் புகை பாதிக்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. 2013ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளும், கர்ப்பிணியிடம் மட்டுமல்லாமல் கணவரிடமும் வீட்டிலுள்ளவர்களிடமும் பேசச் சொல்கின்றன. நான் யாரிடம் பேசுவது? மூன்றாவது கூட்டத்தின்போது செயற்குழு உறுப்பினர்கள் இருவர் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் நின்று புகைத்தார்கள். உள்ளே கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது. படிக்கட்டிலும் லிஃப்டிலும் புகைக்கக் கூடாது என்ற தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் அவர்களும் உண்டு.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. துண்டறிக்கை அச்சுச் செலவில் ஒரு பகுதியை நானே போட்டேன், அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் 31 வீடுகளின் சந்தா இன்னும் வரவில்லை. அது வந்திருந்தால் பேச அழைத்த செவிலியருக்குப் போக்குவரத்துச் செலவையாவது கொடுத்திருக்கலாம். அவர் 5 முறையும் சொந்தச் செலவில் வந்தார்.

அவருக்கும், கூடத்தைத் தந்த உறுப்பினருக்கும், ஒலிபெருக்கி அமைத்த இளைஞர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இந்தத் திட்டம் தொடருமா என்று கேட்கிறார்கள். இந்த ஆண்டு வீடு வீடாகப் போனது நானும் இன்னும் இரண்டு பெண்களும்தான், மூன்று பேரால் மறுபடியும் முடியாது. வீட்டு ஆண்களிடம் பேச ஆண்களே நாலு பேர் முன்வந்தால் செயலாளர் பொறுப்பில் தொடர்வது பற்றி யோசிக்கிறேன். பெயர் எழுதும் நோட்டு மேசைமேல் இருக்கிறது. வாசலருகே பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்