கையெழுத்து வாங்கும் முன் எங்கள் இருவரிடமும் பேசுங்கள்

மதுரையிலும் ராமநாதபுரத்திலும் பணிபுரியும் சிறுநீரக அறுவைசிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கச்சிமடத்துக்காரி. என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். உயிரைக் காப்பாற்றித் தந்த நன்றி எங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கும். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம் என்ன ஆகும் என்பதை, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் ஆபரேஷனை வைத்துக்கொண்டால் அந்த 61 நாளும் ஓய்வாகிவிடும் என்று ஏப்ரலில் போனோம். டிஸ்சார்ஜ் சீட்டில் பாரம் தூக்கக் கூடாது, டியூபை என்றைக்கு எடுக்க வேண்டும், புற்று திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எப்போது என்று எல்லாம் இருந்தது. தாம்பத்தியத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பிறகு ஒரு நாள் அவராகவே தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் என்ன பெரியவரே?" என்று பதில் வந்தது. அடுத்த நோயாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதோடு என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார், என்னிடமும்தான். ராத்திரி சாப்பிட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு வலைக் கொட்டகைக்குப் போய்விடுவார். என்ன கோபமென்றே எனக்குப் பிடிபடவில்லை.

வேறொரு டாக்டரிடம் காட்டியபோதுதான் விளங்கியது. ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அதன் இரண்டு ஓரத்திலும் ஒட்டினாற்போல ஒவ்வொரு கோடு இழுத்தார். வட்டம் புரோஸ்டேட், கோடுகள் விறைப்புக்கான நரம்புக் கற்றைகள். அந்த நரம்புகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சுரப்பியை எடுக்கும் முறையை அமெரிக்காவில் பாட்ரிக் வால்ஷ் என்ற மருத்துவர் 1982-லேயே செய்து காட்டிவிட்டாராம்.

கட்டி நரம்பை ஒட்டி இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவைக்க முடியாது என்பது எங்களுக்கும் புரியும். புற்றை மிச்சமில்லாமல் எடுப்பதுதான் முதல் வேலை. ஆனால் எந்தப் பக்கம் தப்பியது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லலாமே. தப்பிய நரம்புகூட அடிபட்ட அதிர்ச்சியிலிருந்து மீள ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகலாம் என்று சொல்லலாமே. தொடு உணர்ச்சி போகாது, உச்சமும் வரும், விந்து மட்டும் வராது. விந்துப் பைகளையும் சேர்த்து எடுத்துவிடுவதால் அப்படி. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான், எல்லாம் முடிந்துபோனது என்று ஒரு மனுஷன் கொட்டகையில் போய்ப் படுத்தார்.

வயது, சர்க்கரை, முன்பு இருந்த நிலை எல்லாவற்றையும் பொறுத்துத்தான் பலன் என்கிறார்கள். அப்படியானால் முன்பு எப்படி இருந்தது என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்க வேண்டாமா? விறைப்புக்கு உதவும் சில்டெனாஃபில், டாடலாஃபில் மாத்திரைகள் இருக்கின்றன. நரம்பு இரண்டு பக்கமும் போயிருந்தால் அவை பெரும்பாலும் கைகொடுக்காது. அப்போதும் வேக்குவம் பம்பு இருக்கிறது, போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது, உள்ளே பொருத்தும் கருவி இருக்கிறது. இதையெல்லாம் உங்கள் வாயிலிருந்து கேட்காதவர் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடுகிறார். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் எடுக்கிறவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் பேசாத இடத்தில் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் பேசுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் அவர்கள் நோட்டீஸ்தான். எங்கள் கரையில் கடல்குதிரையைக் காயவைத்துப் பொடித்துக் குடிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம். வறுமையில் இருக்கிற மனுஷன் காசையும் கொடுத்து, வழக்கிலும் மாட்டிக்கொள்ள வேண்டுமா? அறுபட்ட நரம்பைக் கடல்குதிரைப் பொடி என்ன செய்யும்?

இதை வயசான காலத்து ஆசை என்று தள்ளாதீர்கள். பிள்ளைகளையெல்லாம் கட்டிக்கொடுத்த பிறகுதான் எங்களுக்கென்று கொஞ்ச நேரமே கிடைத்தது. அது எனக்கும் வேண்டியிருக்கிறது. மனைவியிடமும் கேளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்தவர்களுக்காக அங்கே வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்குங்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை, பம்பை எப்படிப் பயன்படுத்துவது, மூத்திரம் கசியாமலிருக்க இடுப்படித் தசைப் பயிற்சியை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஓர் ஆண் செவிலியர், இவ்வளவு போதும். இதற்காக ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போய்வந்தால் ஒரு நாள் தொழில் போகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கும் இரண்டு வரி தமிழில் சேருங்கள். அங்கே வரும் பெண்களிடம் பேச ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மீனவர் மனைவி