பொருள்: 3-9×40 மில்-டாட் ஸ்கோப்பில் புள்ளி அளவு தவறு, நான்காவது முறையாக எழுத்தில் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மெயில், ஆறு போன், ஒரு நேரடிப் பயணம். எதற்கும் சரியான பதில் வராததால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்களிடம் வாங்கிய ஸ்கோப், என் ஏர் ரைஃபிள் மேல் பொருத்திக் குறி பார்க்கும் 3 முதல் 9 மடங்கு தொலைநோக்கி. அதன் குறுக்குக்கோட்டில் இருக்கும் புள்ளிகளை வைத்துத்தான் தூரம் கணக்கிட வேண்டும். கையேட்டில் "10 மடங்கில் புள்ளிக்குப் புள்ளி 1 மில்" என்று போட்டிருக்கிறீர்கள். 1 மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 25 மீட்டரில் 2.5 செ.மீ. ஸ்கோப்பின் வளையம் 9-க்கு மேல் திரும்பாது. பத்துக்கு நான் எங்கே போவது? சரி, மடங்கு குறைந்தால் புள்ளிகளுக்கு நடுவே அடங்கும் அளவு கூடும், 9-ல் கொஞ்சம் கூடும் என்று நானே கணக்குப் போட்டேன். 25 மீட்டரில் புள்ளிக்குப் புள்ளி 2.8 செ.மீ. வர வேண்டும். சுவரில் ஸ்கேலை ஒட்டி, ரைஃபிளை மணல் மூட்டையில் வைத்து நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் 3.2 செ.மீ. அதாவது 11.5 மடங்கு இருந்தால்தான் இந்தப் புள்ளிகள் சரியாகும்.

இதை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். கவுன்டரில் இருந்தவர் ஸ்கோப்பை வாங்கி டியூப்லைட்டைப் பார்த்துப் பத்து விநாடி பிடித்தார். "நல்லாத்தானே தெரியுது? ஏர் கன்னுக்கு எதுக்கு சார் இவ்வளவு கணக்கு? நடுக்கோட்டுல வெச்சு சுடுங்க" என்றார். நான் எழுதிக்கொண்டுபோன தாளைக் கையில்கூட வாங்கவில்லை. வயது வித்தியாசம்கூடப் பார்க்காமல் பேசிய அந்தப் பேச்சை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தக் கணக்கு எதற்கு என்று கேட்டால், தூரம் சொல்லாமல் தட்டு வைக்கும் போட்டிக்கு. 9 மடங்கில் 10 செ.மீ. தட்டு இரண்டு புள்ளி இடைவெளிகளுக்குள் அடங்கினால் 45 மீட்டர். என் ஜீரோ, அதாவது நடுக்கோட்டில் வைத்தால் பெல்லட் அங்கேயே படும் தூரம், 25 மீட்டர். அதைத் தாண்டினால் பெல்லட் கீழே இறங்கும். அதனால் 45-க்கு இரண்டாவது கீழ்ப்புள்ளியைத் தட்டின் நடுவில் வைத்தேன். பெல்லட் தட்டுக்கு மேலே பறந்து மண்ணில் விழுந்தது. அப்புறம் டேப் பிடித்தால் 39 மீட்டர். தூரமும் தப்பு, தூக்கிப் பிடித்த அளவும் தப்பு. 20 தட்டில் 7 விழுந்தன. இரண்டு மாதப் பயிற்சி, நான்கு டப்பா பெல்லட், கிளப்பில் இத்தனை வருடமாகச் சேர்த்த பெயர், எல்லாம் ஒரே நாளில் போனது.

போனில் பேசியவர் வேறு கதை சொன்னார். ஸ்பிரிங்கில் இயங்கும் என் ஏர் ரைஃபிளின் அதிர்ச்சியில் ஸ்கோப் கெட்டுவிட்டதாம், வாரண்டி கிடையாதாம். கெட்டிருந்தால் ஜீரோ நகர்ந்திருக்க வேண்டும். இன்றைக்கும் 25 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் நிற்கின்றன. வாங்கும்போதே "ஸ்பிரிங்குக்குத் தாங்குமா" என்று கேட்டுத்தான் வாங்கினேன். டப்பாவிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. கண்ணாடி தெளிவாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தயவுசெய்து 9 மடங்கில் அளவு சரியாக இருக்கும் ஸ்கோப்பைப் பரிசோதித்து மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் நான் கொடுத்த ரூ.8,400-ஐத் திருப்பித் தாருங்கள். கையேட்டையும் திருத்துங்கள், அடுத்தவர் ஏமாற வேண்டாம்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவாகும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கும் சேர்த்து 50,000 ரூபாய் கேட்பேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பில் நகல், ஸ்கேலில் புள்ளி விழும் நான்கு படங்கள், அந்தக் கவுன்டரில் வாங்காத தாள், மூன்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
திண்டுக்கல்