தாத்தாவுக்கு ஷெஃபீல்டிலிருந்து

ஷெஃபீல்ட்,
17 ஆகஸ்ட் 2024.

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். நீங்களும் பாட்டியும் நலம்தானே? முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ அனுப்பிய தீப்பிடித்த ஓட்டல் வீடியோவை அவள் எனக்கே திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். போன் பண்ணினால் அழுகை. அப்பாவோ “டிக்கெட் போடட்டுமா?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விவரமாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆள் நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கோ போனில் பாதி கேட்காது. எழுதிவிட்டால் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து அடிக்கோடு போட்டுப் படிப்பீர்கள் என்றுதான் தாளை எடுத்தேன்.

ஜூலை 29ஆம் தேதி சவுத்போர்ட் என்ற கடலோர ஊரில், குழந்தைகளின் நடன வகுப்புக்குள் ஒருவன் கத்தியோடு புகுந்து மூன்று சிறுமிகளைக் கொன்றான். அவனுக்குப் பதினேழு வயது என்பதால் போலீஸ் பெயரை வெளியிடவில்லை. அது போதாதா? அவன் படகில் வந்து இறங்கிய அகதி, முஸ்லிம் என்று யாரோ கட்டிவிட்ட கதை, ஒரு பொய்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டு போனுக்குப் போன் தாவியது. உண்மையில் அவன் கார்டிஃபில் பிறந்தவன், பெற்றோர் ருவாண்டாக்காரர்கள். பெயரை வெளியிடலாம் என்று நீதிபதி சொன்னது ஆகஸ்ட் 1. அதற்குள் சவுத்போர்ட் மசூதி மேல் கல்லெறிந்து முடித்துவிட்டார்கள். பிறகு ஹல், லிவர்பூல், மிடில்ஸ்பரோ என்று ஊர் ஊராகப் பரவி, ஆகஸ்ட் 4 ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பக்கத்தில் ராதர்ஹாமுக்கு வந்துவிட்டது. அகதிகள் தங்கியிருந்த ஒரு ஓட்டலைச் சுற்றி வளைத்து, ஜன்னல்களை உடைத்து, குப்பைத்தொட்டிக்குத் தீ வைத்து வாசலில் தள்ளினார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள் தாத்தா. ஐம்பதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களுக்குக் காயம். அம்மா பார்த்தது அந்த வீடியோதான்.

அன்று மதியம் எனக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவருக்கு நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன். டிவியில் ஒரு ஆள் “இவர்களை எல்லாம் அனுப்பு” என்று கத்துகிறான். பாட்டி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இன்னும் கொஞ்சம்” என்று வாயைத் திறந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று நாள் முழுக்கச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

என்னோடு வேலை பார்க்கிற ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலியோடு டபுள் ஷிப்ட் பார்ப்பவர். ஜூலைத் தேர்தலில் அவர், குடியேற்றத்தைக் குறைக்கச் சொல்லும் ரிஃபார்ம் கட்சிக்குத்தான் போட்டார், மறைக்கவே மாட்டார். வந்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியை இலவசமாக அனுபவிக்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 470 பவுண்டு ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்டித்தான் நான் விமானமே ஏறினேன், இப்போது வருகிறவர்களுக்கு அது 776 ஆகிவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். “அப்படியா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே பாட்டைப் பாடினார். அந்த ஞாயிறு ஷிப்ட் முடிந்ததும், “பஸ்ஸில் போக வேண்டாம், ஏறு” என்று என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அந்தக் கூட்டத்தைத் திட்டினார், ரவுடிகள் என்றார். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, “நான் சொல்வது உன்னை இல்லை, தெரியும்தானே?” என்றார்.

நன்றி சொல்லிவிட்டு மாடியேறினேன். ஆனால் தெருவில் கத்துகிறவனைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் குடைந்தது. பிறகு யாரைச் சொல்கிறார்? என்னைப் போலவே சூட்கேஸோடு வந்து, இவருக்கு இன்னும் அறிமுகமாகாத ஒருத்தியைத்தானே? நல்ல மனுஷிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை, விட்டுத்தள்ளவும் முடியவில்லை.

அந்த வாரம் எங்கள் இந்தியத் தூதரகம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அறிவிப்பு விட்டது. 7ஆம் தேதி இன்னும் பல ஊர்களில் கலவரம் என்று வதந்தி. கடைகளுக்குப் பலகை அடித்தார்கள். கடைசியில் நடந்தது வேறு. லண்டன் வால்தம்ஸ்டோ, பிரிஸ்டல், பிரைட்டன் என்று ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் கலவரத்தை எதிர்த்து வந்தவர்கள். உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: சவுத்போர்ட் கலவரத்தில் பிடிபட்ட ஒருவருக்கு எட்டாவது நாளே மூன்று வருடச் சிறை! காலமெல்லாம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து வாய்தா வாய்தாவாக எழுதிய கை உங்களுடையது. நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் உண்மை.

ஓட்டுப் போட்ட கதையை நீங்கள் போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். மாணவ விசாவில் இருக்கிறவளுக்கு எப்படி ஓட்டு என்று பக்கத்து வீட்டு வக்கீல் மாமா வாதாடினாராமே. அவரிடம் சொல்லுங்கள்: காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி இங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நைஜீரியா எல்லாம் அதில் சேர்த்தி. என் வீட்டில் மேல் அறையில் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார், வருடக்கணக்காக இங்கே வேலை பார்த்து வரி கட்டுகிறவர். அவருக்கு ஓட்டு இல்லை. போன செப்டம்பரில் வந்து இறங்கிய எனக்கு உண்டு! நம்மை ஆண்டதற்கு வட்டியாக இதையாவது கொடுத்தார்களே என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை.

பூத் ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில். காலை ஏழு முதல் இரவு பத்து வரை. நான் போனது இரவு ஒன்பது மணிக்கு, வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். வரிசை கிடையாது, துப்பாக்கிப் போலீஸ் கிடையாது, வாசலில் யாரோ நாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். என் விசா அட்டையைக் காட்டினேன். அடையாள அட்டை கேட்பதே இங்கே புதுப் பழக்கமாம். மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஸ்கேல் வைத்து என் பெயர் மேல் கோடு கிழித்தார், அச்சு அசலாக நீங்கள் பேரேட்டில் கிழிப்பது போலவே. மெஷின் கிடையாது, மை கிடையாது. காகிதச் சீட்டு, கயிறு கட்டிய பென்சில், கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். பென்சிலா, அழித்துவிட மாட்டார்களா என்று எனக்குள் நம்மூர் ரத்தம் கேட்டது. யாருக்குப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். இங்கே எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் லேபர் கட்சியின் அப்திசாம் முகமது, யேமனில் பிறந்து சின்ன வயதில் இந்த ஊருக்கு வந்தவர்.

ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தோம். இங்கே முடிவு அறிவிக்கும்போது எல்லா வேட்பாளர்களும் மேடையில் வரிசையாக நிற்பது வழக்கம். பிரதமர் ரிஷி சுனக்குக்கும் விலக்கு கிடையாது. தலையில் குப்பைத்தொட்டியை மாட்டிக்கொண்டு ‘கவுன்ட் பின்ஃபேஸ்’ என்று ஒருவர் அவரை எதிர்த்துப் போட்டியிட்டார். ஆட்சி கைவிட்டுப் போகிற நேரத்தில் பிரதமர் அந்த ஆளோடு ஒரே மேடையில் நிற்கிறார்! எனக்கு இந்த ஊர் அரசியலில் மிகவும் பிடித்துப்போனது அதுதான். நம் ஊரில் எந்தத் தலைவரை இப்படி நிறுத்த முடியும், யோசித்துப் பாருங்கள்.

கணக்கைப் பார்த்தால் நீங்கள் பேனாவை எடுத்துவிடுவீர்கள். லேபருக்கு 34 சதவீத ஓட்டுகூட இல்லை, இடம் 411. ரிஃபார்முக்கு 14 சதவீதம், இடம் ஐந்து. அதைவிடக் குறைந்த ஓட்டு வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்தபோது எனக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. நம் ஊரிலும் ஜூன் 4ஆம் தேதி 39க்கு 39 ஒரே அணிக்குத்தானே? அதிமுகவுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு, ஒரு சீட் இல்லை. இந்த முறையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களே இவர்கள்தானே என்று சொல்லி வைத்தேன். உமா குமரன் ஜெயித்தது உங்கள் பேப்பரில் வந்ததா? இலங்கைத் தமிழ்க் குடும்பம். இந்த நாடாளுமன்றத்துக்குள் போகும் முதல் தமிழ்ப் பெண். சிற்றலையில் பிபிசி தமிழோசை நின்றதும் ரேடியோவைப் பரணில் ஏற்றிய உங்களுக்கு லண்டன் செய்தியை நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. ஏப்ரல் 19 அன்று நீங்கள் எல்லோரும் விரலைக் காட்டிப் படம் அனுப்பினீர்கள். நான் நூலகத்தில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர் ஓட்டுப் போட வேண்டுமென்றால் நேரில் வந்தாக வேண்டும். விமானச் செலவுக்கு எங்கே போவது? என் வாழ்க்கை முழுக்கப் பார்த்துத் தெரிந்த ஊரில் ஓட்டு இல்லை, பத்து மாதம் முன்பு வந்த ஊரில் ஓட்டு.

செய்தி என்பதே இங்கே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது தாத்தா. அங்கே நீங்கள் வாசிப்பீர்கள், நான் எதிர்வாதம் செய்வேன், பாட்டி “போதும், சாப்பிட வாருங்கள்” என்றதும் முடிந்துவிடும். இங்கே மே 23ஆம் தேதி அரசுப் புள்ளிவிவரம் வருகிறது, ஒரு வருடத்தில் நிகரமாக 6,85,000 பேர் குடியேறினார்கள் என்று. அந்த எண்ணுக்குள் நான் இருக்கிறேன். முதல் நாள்தான் சுனக் மழையில் நனைந்துகொண்டே தேர்தலை அறிவித்திருந்தார். அடுத்த ஆறு வாரமும் டிவியில் எல்லாக் கட்சிக்காரர்களும் அந்த எண்ணை எப்படிக் குறைப்பது என்றே பேசினார்கள். நான் துணி மடித்துக்கொண்டே என்னை எப்படிக் குறைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மே மாதம் மாணவர்கள் காஸாவுக்காகக் கூடாரம் போட்டு உட்கார்ந்தபோதும் இதே கணக்குத்தான் உள்ளே ஓடியது. இங்கே பிறந்த பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். விசாக்காரர்கள் பலர் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றோம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தள்ளித்தான் நின்றேன்.

கீழ் அறையில் வங்கதேசத்துச் சிட்டகாங் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஜூலையில் அவள் நாட்டில் இணையத்தை நிறுத்தினார்கள். நாள்கணக்கில் வீட்டோடு பேச்சு இல்லை. சமையலறை மேஜையில் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு அதையே பார்த்தபடி வெங்காயம் நறுக்குவாள். அங்கே மாணவர்கள் எதிர்த்துப் போராடிய அரசு வேலை ஒதுக்கீட்டை நம் 69 சதவீதத்தோடு போட்டுக் குழப்பாதீர்கள். அது 1971 விடுதலைப் போராளிகளின் பேரப்பிள்ளைகள்வரை போன 30 சதவீதம். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஹசீனா பதவியை விட்டு டெல்லிக்குப் பறந்த செய்தி வந்ததும் அவள் கத்திய கத்தலில் ஜெர்மன்காரர் இங்கேயும் கலவரம் வந்துவிட்டது என்று நினைத்து மாடியிலிருந்து ஓடிவந்தார். இரண்டு நாள் கழித்து, அங்கே இந்துக் கோயில்களுக்கு என்ன ஆகிறது என்று நான் கேட்டபோது அவள் முகம் வாடிவிட்டது. ராதர்ஹாம் பற்றி என்னிடம் கேட்டால் என் முகமும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

இனி அப்பாவின் டிக்கெட் விஷயம். பாதுகாப்பு இல்லை, திரும்பி வா என்கிறார். கல்கத்தாவில் இந்த மாதம் கொலையான அந்த டாக்டர் பெண் எங்கே செத்தாள் தாத்தா? தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குள், டூட்டியில். 36 மணி நேரம் உழைத்துவிட்டுக் கண்ணயர்ந்த இடத்தில். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ராதர்ஹாம் அன்றுகூட நான் தூங்கினேன். இன்று நாடு முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தம் என்று பார்த்தேன். பொதுச் சுகாதாரம் படிக்கிற எனக்கு அது வெறும் போலீஸ் கேஸாகத் தெரியவில்லை. டாக்டர் ஓய்வெடுக்க ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை ஏன் இல்லை என்பதும் கேள்விதான். அப்பாவிடம் இதை நான் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார். நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

அதற்காக இங்கேயே இருந்துவிடுவேன் என்று முடிவும் கட்டாதீர்கள். ஆய்வறிக்கை செப்டம்பரில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம். அதற்கு மேல் வேலை பார்க்க வேண்டிய திறன் பணியாளர் விசாவுக்குச் சம்பள வரம்பை ஏப்ரலில் 38,700 பவுண்டாக ஏற்றிவிட்டார்கள், என்னைப் போன்ற இளையவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைந்த வரம்பே எங்கள் துறையில் எட்டாக்கனிதான். விண்ணப்பம் போட்டு வைக்கிறேன், கிடைத்தால் பார்க்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஆள் வருவார்கள். பாட்டி வெகுளியாக “அவள் லண்டனில் இருக்கிறாள்” என்று பெருமையாகச் சொல்லி என் பெயரை அடிக்க வைத்துவிடப் போகிறார். படிக்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். சட்டமன்றத் தேர்தல் 2026இல்தான், அப்போது எங்கே இருப்பேனோ. வக்கீல் மாமாவிடம் விதி எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் பார்க்க வருகிற ஆள் வாதாடினால் காட்ட உதவும்.

அன்புடன்,
உங்கள் பேத்தி
மலர்