நிக்கலுக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில்

மட்டக்களப்பு மாவட்டத்து உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

ஆரையம்பதியில் மாலை வகுப்பு நடத்துபவன் நான். போன கிழமை மாணவி ஒருத்தி, உலோகங்களைத் தாக்குதிறன் ஒழுங்கில் அடுக்கிய மின்னிரசாயனத் தொடரைப் பொற்றாசியத்தில் தொடங்கிப் பொன் வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தாள். "இதை வைத்து என்ன செய்யலாம் பிள்ளை?" என்று கேட்டேன். "பல்தேர்வு வினாச் செய்யலாம் சேர்" என்றாள். பிழை அவளுடையதல்ல. நான் படிப்பித்த விதம் அப்படி. உங்களில் பலரும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள் என்ற துணிவில் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அக்கிரிலமைட்டு என்ற இரசாயனப் பொருளில் செய்த ஐதரோஜெல்லை, அதாவது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கூழ்த் துண்டை, இரண்டு பென்சிற்கரிக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து 5 வோல்ற்று நேரோட்டம் கொடுத்தார்கள். கைத்தொலைபேசிச் சார்ஜர் தருகிற அதே 5 வோல்ற்றுத்தான். ஏறக்குறைய 3 நிமிடத்தில் கூழ் அனோட்டில், அதாவது நேர்முனையில், இறுக ஒட்டிக்கொண்டது. பசை எதுவும் பூசவில்லை. மின்னை நிறுத்திய பிறகும் ஒட்டு விடவில்லை. முனைகளை மாற்றி மீண்டும் மின்னைக் கொடுத்தால், பல பொருள்களில் ஒட்டு கழன்றுவிடுகிறது. தண்ணீருக்கு அடியிலும் ஒட்டுகிறதாம். வாவியில் தோணியின் நனைந்த பலகையில் ஓட்டை அடைக்கப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என்னை எழுந்து உட்காரவைத்தது அடுத்த பகுதி. செப்பு, ஈயம், வெள்ளீயம் மூன்றும் அந்தக் கூழில் ஒட்டுகின்றன. நிக்கல், இரும்பு, நாகம் (துத்தநாகம்) ஒட்டுவதில்லை. இப்போது நம் பிள்ளைகள் பாடமாக்கும் அட்டவணையை எடுங்கள். நியம மின்வாய் அழுத்தம் நிக்கலுக்கு −0.25 வோல்ற்று, வெள்ளீயத்துக்கு −0.14 வோல்ற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் விரலை வையுங்கள்: இந்த ஆறில் ஒரு பக்கம் முழுக்க ஒட்டுபவை, மறுபக்கம் முழுக்க ஒட்டாதவை. மின்வாயில் நடக்கும் தாக்கம், கூழிலுள்ள பல்பகுதியம் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுக்கும் மின்வாய்க்கும் இடையில் இரசாயனப் பிணைப்பை உண்டாக்குகிறது என்பது அவர்களின் விளக்கம். இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழித்த தொடர் இது. அதற்குள் இப்படியொரு கோடு கிடப்பது எனக்குத் தெரியாது.

பாடசாலையில் அக்கிரிலமைட்டைத் தொடவேண்டாம், அது நரம்பு நஞ்சு. ஆனால் பழமும் இறைச்சியும்கூட இப்படி ஒட்டும் என்று அதே ஆய்வு சொல்கிறது. கூழுக்குப் பதிலாக ஜெலற்றினை எடுத்தால், அது எந்த விலங்கினுடையது என்ற கேள்வி நம் மாவட்டத்தில் வரத்தான் செய்யும். கதலிப்பழத்துக்கு அந்த வில்லங்கம் இல்லை. பழைய டோர்ச் பற்றரிகளை உடைத்துக் கரிக்கோல் இரண்டு எடுத்தேன். பழத்தைப் பெருவிரல் தடிப்பில் வெட்டி நடுவில் வைத்து, நான்கு பற்றரிகளைத் தொடராகப் பூட்டினேன். ஒரு பக்கத்தில் சிறு நுரை கிளம்பியது. முதல் தடவை பொறுமையில்லாமல் அரை நிமிடத்தில் தூக்கிப் பார்த்தேன். துண்டு மேசையில் விழுந்தது. அடுத்த தடவை தேநீர் குடித்து முடியும்வரை விட்டேன். ஒரு கோலைத் தூக்கியபோது பழமும் கூடவே எழும்பி வந்தது. எந்த முனைக் கோல் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

கேட்பது இதுதான்: இந்தத் தவணையில் இரண்டு பாடவேளைகள். வயரிங் செப்பு, பற்றரியின் நாக உறை, இரும்பு ஆணி, ஒட்டுவேலைக்காரரிடம் ஒரு துண்டு வெள்ளீயம், இவ்வளவும் போதும். மேலே சொன்ன கோடு அக்கிரிலமைட்டுக் கூழில் கண்டது. கதலிப்பழத்தில் அது அதே இடத்தில் நிற்குமா, நகருமா? இதற்கு எந்தக் கடந்தகால வினாத்தாளிலும் விடை இல்லை.

பாடத்திட்டம் முடியவில்லை என்பீர்கள். எனக்கும்தான் முடியவில்லை. கழுவித் துடைத்த கரிக்கோல்கள் பதினாறு என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. முதலில் கேட்கும் பாடசாலைக்கு எட்டு, அடுத்ததற்கு மிச்சம்.

இப்படிக்கு,
ஆரையம்பதியிலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியன்