அளவுகோலைக் கைவிடாதீர்கள்: அமெரிக்க காங்கிரஸின் கல்விக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

செனட் சபையிலும் பிரதிநிதிகள் சபையிலும் கல்விக்குப் பொறுப்பான குழுக்களின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறி, பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பிவரும் தமிழ்ப் பெற்றோர்களில் நானும் ஒருவன். கூட்டாட்சிக் கல்வித் துறையை மூடுவதா, தனியார் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தருவதா, எல்லா அதிகாரத்தையும் மாநிலங்களிடமே விட்டுவிடுவதா என்று நீங்கள் நடத்திவரும் விவாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும் அழிந்துவிடக் கூடாத ஒன்றைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். நேப் என்று அழைக்கப்படும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டையும், அதை நடத்தும் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தையும்தான் சொல்கிறேன். 2025 மார்ச்சில் கல்வித் துறை தன் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குறைக்க முடிவெடுத்தபோது, சுமார் நூறு பேர் வேலை பார்த்த அந்த மையத்தில் மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 17 வயது மாணவர்களின் நிலையைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுக் காட்டும் நேப்பின் நீண்டகாலப் போக்குத் தேர்வும் ரத்தானது.

தேர்வு என்றாலே பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கசக்கிறது என்பதை அறிவேன். 2002-இல் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது' சட்டம், 2014-க்குள் ஒவ்வொரு மாணவரும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று நடவாத இலக்கை வைத்து, எட்டாத பள்ளிகளைத் தண்டித்தது. விளைவாக, அட்லாண்டாவில் ஆசிரியர்களே மாணவர்களின் தவறான விடைகளைச் சரியானவையாக மாற்றி மோசடி செய்தார்கள். 2011-இல் வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேர் அதில் ஈடுபட்டதாகச் சொன்னது. நேப் அந்த வகைத் தேர்வே அன்று. 1969 முதல் நடந்துவரும் இந்த மதிப்பீட்டில் மாணவருக்கும் மதிப்பெண் கிடையாது, பள்ளிக்கும் கிடையாது. மாதிரியாகத் தெரிவு செய்யப்பட்ட மாணவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் கேள்விகளுக்கு விடையளித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கென யாரும் ட்யூஷன் வைப்பதில்லை. யாருடைய வேலையும் அதனால் போவதில்லை. ஆகவே விடையை மாற்றும் ஆசை யாருக்கும் எழுவதில்லை, அதன் எண்களை நம்ப முடிகிறது.

மாநிலத் தேர்வுகள் இருக்கின்றனவே, அவை போதாவா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வரும், டெக்சாஸின் மாநிலத் தேர்வான ஸ்டார் தேர்வின் அறிக்கையைப் பாருங்கள். அதில் நான்கு படிகள் உண்டு: எட்டவில்லை, நெருங்குகிறார், எட்டிவிட்டார், கைவரப்பெற்றார். இவற்றுள் 'நெருங்குகிறார்' என்ற படியே தேர்ச்சியாகக் கொள்ளப்படுகிறது. வகுப்புத் தரத்தை இன்னும் எட்டாத பிள்ளை தேறிவிட்டது என்று அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2024-இல் விஸ்கான்சின் மாநிலம் தேர்ச்சிக்கான மதிப்பெண் எல்லையையும் மாற்றி, படிநிலைகளின் பெயர்களையும் மாற்றியது. 'அடிப்படைக்குக் கீழ்' என்றிருந்தது 'வளர்ந்துவருகிறார்' என்றாயிற்று. அதே ஆண்டு ஓக்லஹோமாவிலும் அந்த எல்லை நகர்ந்தது, தேர்ச்சி விழுக்காடு திடீரென்று உயர்ந்தது. பிள்ளைகள் ஓராண்டில் அவ்வளவு கற்றுவிட்டார்களா என்பதை அந்த மாநிலங்களின் சொந்தத் தேர்வைக் கொண்டே தீர்மானிக்க முடியாது.

2024-ஆம் ஆண்டின் நேப் முடிவுகளின்படி, நாடு முழுவதும் நான்காம் வகுப்பு மாணவர்களில் 40 விழுக்காட்டினரும் எட்டாம் வகுப்பினரில் 33 விழுக்காட்டினரும் வாசிப்பில் அடிப்படை நிலைக்குக் கீழே இருக்கிறார்கள். (நேப் சொல்லும் 'தேர்ச்சி' வகுப்புத் தரத்தைவிட உயர்ந்த நிலை. அதை எட்டாதவர்களையெல்லாம் படிக்கத் தெரியாதவர்கள் என்று மேடையில் முழங்குவது எவ்வளவு வசதியானதோ அவ்வளவு பிழையானது. ஆகவேதான் அடிப்படை நிலையை மட்டும் குறிப்பிடுகிறேன்.)

இந்த அளவுகோல் என்ன தருகிறது என்பதற்கு மிசிசிப்பியே சான்று. நாட்டின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பி, 2013-இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 49-ஆம் இடத்தில் கிடந்தது. அந்த ஆண்டு இயற்றிய சட்டத்தின் வழியாக, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் பழக்கத்தை விட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பி, வகுப்பறையிலேயே ஆசிரியரின் அருகில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க இயலாத பிள்ளைகளை மேல்வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். 2024-இல் அந்த மாநிலம் 9-ஆம் இடத்துக்கு வந்தது. தேசிய சராசரி 215, மிசிசிப்பியின் சராசரி 219. பின்தங்கியவர்களை மூன்றாம் வகுப்பில் நிறுத்திவைத்ததால்தான் நான்காம் வகுப்பின் எண் உயர்ந்தது என்று மறுப்போர் உண்டு. அந்த மறுப்பு கவனிக்கத் தக்கது. எட்டாம் வகுப்பில் அதே அளவு ஏற்றம் தென்படாதது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஆதரிப்பவரும் மறுப்பவரும் எடுத்து வைக்கும் எண்கள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நேப் இல்லாவிட்டால் மிசிசிப்பியின் பத்தாண்டு உழைப்பு அந்த மாநில எல்லையைத் தாண்டித் தெரிந்திருக்காது. மற்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியிருக்கவும் மாட்டா.

வவுச்சருக்கு, அதாவது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் பணத்துக்கு, வருகிறேன். லூசியானா 2012-இல் தன் வவுச்சர் திட்டத்தை மாநிலம் முழுமைக்கும் விரித்தபோது, அதில் சேர்ந்த மாணவர்களும் மாநிலத் தேர்வை எழுத வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அதனால்தான் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட முடிந்தது; முதல் ஆண்டிலேயே கணக்கில் வவுச்சர் மாணவர்கள் பெரிதும் பின்தங்கியதும் தெரிந்தது. கட்டுப்பாடுகள் அதிகமானதால் நல்ல பள்ளிகள் விலகிக்கொண்டன என்று ஆதரவாளர்கள் விளக்கம் சொன்னார்கள். சரியோ தவறோ, எண்கள் இருந்ததால்தான் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது.

எங்கள் மாநிலத்தில் 2025 மே மாதம் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம், தொடக்கத்தில் 100 கோடி டாலரை, தனியார் பள்ளிக் கட்டணம் போன்ற செலவுகளுக்குப் பெற்றோர் பயன்படுத்தும் கல்விச் சேமிப்புக் கணக்குகளுக்கு ஒதுக்கியது. அதில் சேரும் மாணவர் தேசிய அளவில் தரப்படுத்தப்பட்ட ஏதாவது ஒரு தேர்வை எழுதினால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வை எழுத வேண்டியதில்லை. நீங்களோ, 2025 ஜூலை 4-இல் சட்டமான வரிச்சலுகையில் அந்த அளவு நிபந்தனைகூட வைக்கவில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் தரும் உதவித்தொகை அமைப்புக்கு நன்கொடை தரும் ஒருவருக்கு 1,700 டாலர் வரை வரியில் அப்படியே கழித்துத் தரும் அந்தத் திட்டம் 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. அரசுப் பள்ளியிடம் பத்துக் காசுக்கும் கணக்குக் கேட்கும் அதே உறுப்பினர்கள், இந்தப் பணத்தால் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று கேட்க வழியே வைக்காமல் விட்டது எனக்குப் புரியவில்லை. நேப் இப்போதும் தனியார் பள்ளிகளை அழைக்கிறது, பலவும் வருவதில்லை. அதனால் கத்தோலிக்கப் பள்ளிகளை நீக்கிவிட்டால் தனியார் பள்ளிகளைப் பற்றிச் சொல்லத்தக்க முடிவுகள் கிடைப்பதில்லை.

கல்வியில் கூட்டாட்சி அரசுக்கு வேலையே இல்லை என்போருக்கு ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். இன்றைய கல்வித் துறை 1979-இல் சட்டமானது. அதற்கு நூறாண்டுக்கும் முன்பு, 1867-இல், அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் காலத்தில் முதன்முதலாக ஒரு கல்வித் துறை அமைக்கப்பட்டது. கல்வியின் நிலையையும் முன்னேற்றத்தையும் காட்டும் புள்ளிவிவரங்களையும் தகவல்களையும் திரட்டுவதே அதன் முதல் பணி. பாடத்திட்டம் வகுக்கவோ பள்ளிகளை நடத்தவோ அதற்கு அதிகாரம் இல்லை. கூட்டாட்சியின் கை நீளக் கூடாது என்று கருதியவர்கள் அன்றும் இருந்தார்கள், மறு ஆண்டே அந்தத் துறையைச் சிறு அலுவலகமாகச் சுருக்கினார்கள். எண்ணும் வேலையை மட்டும் நிறுத்தவில்லை.

துறையை மூடுவதாயின் மூடுங்கள். அது உங்கள் முடிவு. ஆனால் புள்ளிவிவர மையத்தைத் தனித்து நிற்கும் அமைப்பாக்கி, தேர்வை வடிவமைக்கவும் முடிவுகளைச் சரிபார்க்கவும் வேண்டிய ஆட்களைத் திரும்ப அமர்த்துங்கள். பள்ளிக் கல்விக்கு நாடு ஆண்டுக்கு 90,000 கோடி டாலருக்கு மேல் செலவழிக்கிறது. நேப்புக்கு ஆகும் செலவு 20 கோடியைத் தொடுவதில்லை. வரிச்சலுகை உதவித்தொகை பெறும் மாணவர்கள் படிக்கும் தனியார் பள்ளி, நேப் மாதிரியில் தெரிவானால் பங்கேற்றே தீர வேண்டும் என்று ஒரு திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். பள்ளியின் பாடத்திலோ, சமய வழிபாட்டிலோ, சேர்க்கை விதியிலோ அது தலையிடாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை, சில பிள்ளைகளின் ஒரு முற்பகல் அதற்குப் போதும்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு தந்தை