எண்ணியது யார் என்று கேள்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்ட விஷயத்துக்கு அரைகுறையாக எழுத மனம் வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, கடல் மட்டும் குளம் மாதிரிக் கிடக்கிறது. அக்காவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். கீழே எழுதுவதில் பாதி அவள் சொன்னது.

உங்கள் பழைய மாணவர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மூதூர்ப் பக்கம் பிள்ளைகளுக்குப் போசாக்குக் குறைவு என்கிறீர்களே, அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டாராம். உனக்குப் பதில் வரவில்லை என்று வருத்தப்பட்டு, அந்தப் பிள்ளைகளுக்கு உதவக் காசு சேர்க்கும் முன் நம்பக்கூடிய சுகாதார எண்களை எங்கே எடுப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறாய். வருத்தப்படாதே. காசு சேர்க்கும் முன் யாராவது கேட்க வேண்டிய கேள்விதான் அது. அந்த மனிதரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள், பின்னால் உதவுவார்.

எனக்கு இதில் அக்கறை வந்தது 2017 மார்ச்சில். நம் மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு பொங்கி எழுந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிய மாதம் அது. தொலைபேசியில் காலையில் ஒரு எண்ணிக்கை வரும், மத்தியானம் இன்னொன்று வரும், இரவில் அது இரண்டு மடங்காகியிருக்கும். என்னிடம் படித்த ஒரு பெடியன், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதறிக்கொண்டு வந்து, "சேர், இதில் எது உண்மை?" என்று கேட்டான். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையை முதன்முதலாகத் தேடி எடுத்தேன். அந்த வருடம் நாடு முழுக்க 1,86,101 டெங்கு நோயாளர் பதிவானார்கள்.

நீயும் அங்கிருந்தே தொடங்கு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு பெரிய அட்டவணை வரும்: டெங்கு, வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், செங்கண்மாரி, விசர்நாய்க்கடி, இன்னும் சில. ஒவ்வொரு பிராந்திய சுகாதாரப் பணிமனைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அந்த வாரத்துக்கு உரியது, மற்றது வருடத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஒரே வாரத்தில் இத்தனை பேர்" என்று பரப்பியவர்களை என் கண்ணாலேயே பார்த்தேன். வலது ஓரத்தில் இன்னும் இரண்டு நிரல்கள் உண்டு, அவற்றை யாரும் பார்ப்பதில்லை. அறிக்கை அனுப்ப வேண்டிய பணிமனைகளில் எத்தனை நேரத்துக்கு அனுப்பின, எத்தனை முழுமையாக அனுப்பின என்று நூற்றுவீதத்தில் போட்டிருப்பார்கள். நான் முதலில் அங்கேதான் பார்வையைப் போடுவேன். தன்னிடம் எவ்வளவு குறைகிறது என்று தானே சொல்லும் அட்டவணையை நம்பிப் பேசலாம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். போன மாரியில் பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் வந்தவுடனேயே வார்ட்டில் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, பெடியன் வசிக்கும் இடத்துக்குரிய எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தார், கூரைப் பீலிக்கு ஏணி வைத்து ஏறினார், குளிர்சாதனப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கத் தட்டில் டோர்ச் அடித்தார். அங்கேதான் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. எச் 411 என்ற தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அந்த வாரத் தாள்கள் எல்லாம் சேர்ந்து எச் 399 என்ற வாராந்தத் திரட்டாகிக் கொழும்புக்குப் போகின்றன. அட்டவணையில் திருகோணமலை வரியில் நீ பார்க்கும் ஒவ்வொரு ஒன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு வீடும் ஒரு பெட்டியும் ஒரு தட்டும் இருக்கிறது.

சரி, இனி எல்லோரும் வழுக்கும் இடத்துக்கு வருகிறேன். ஒரே நோயாளியை மூன்று இடத்தில் மூன்று விதமாக எண்ணுகிறார்கள். தொற்றுநோய் அறிவித்தல், நோயாளி எங்கே வசிக்கிறாரோ அந்த இடத்துக் கணக்கில் சேரும். அரச ஆஸ்பத்திரிகளில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் விபரம் சுகாதார அமைச்சின் வருடாந்தப் புள்ளிவிபர மலரில் வரும். அது ஆஸ்பத்திரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்துக் கணக்கு. ஒரே ஆள் மூன்று தரம் வார்ட்டுக்குப் போனால் மூன்றாக எண்ணப்படுவார், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அதில் வரவே மாட்டார். இறப்பு, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மரணம் நிகழ்ந்த இடத்தில் பதிவாகும். மூதூரில் ஒரு தாய்க்குப் புற்றுநோய் வந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால், அந்த மரணம் கொழும்பு மாவட்டத்தில் விழும். இது தெரியாத ஒருவர் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "திருகோணமலையில் புற்றுநோய் மரணம் குறைவு" என்று எழுதிவிடுவார். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் சொன்னது பொய்யாகிவிடும்.

அப்புறம் வகுக்கும் எண். 2012 குடிசன மதிப்பில் நம் மாவட்டத்தில் இருந்தவர்கள் 3,79,541 பேர். கொழும்பு மாவட்டத்தில் 23 லட்சம். இரண்டு இடத்திலும் 300 பேருக்கு டெங்கு என்று வை. இங்கே லட்சத்துக்கு 79 பேர், அங்கே 13 பேர். பத்திரிகையில் இரண்டும் "300" என்றே வரும். பிறகு 2024 கடைசியிலும் ஒரு குடிசன மதிப்பு நடந்தது. ஆகவே எந்த வருடத்துச் சனத்தொகையால் வகுத்தோம் என்பதை உன் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடு. அந்தக் கேள்வி கேட்ட மனிதர் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.

இப்போது மனதில் கனமாகக் கிடப்பதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழவழப்பான அறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் நிறை குறைவு பற்றி 2000ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வை ஆதாரம் காட்டி ஒரு நூற்றுவீதம் போட்டிருந்தார்கள். எனக்கு எங்கேயோ இடித்தது. அந்த ஆய்வின் முன்னுரையைத் தேடி வாசித்தேன். வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. 1993இல் நடந்ததிலும் அப்படித்தான். 2006-07இல் கிழக்கைச் சேர்த்தார்கள், வடக்கு வெளியே நின்றது. இருபத்தைந்து மாவட்டமும் முழுதாக உள்ளே வந்தது 2016இல்தான். 2001 குடிசன மதிப்பும் இங்கே முழுமையாக நடக்கவில்லை. 1981க்கும் 2012க்கும் நடுவே முப்பத்தொரு வருடம், மச்சான். அந்த முப்பத்தொரு வருடத்தில் இங்கே பிறந்து நடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் பெரும்பாலானோர் நாட்டின் சராசரிக்குள் இல்லை. யாரோ மற்ற மாவட்டங்களின் எண்ணை எடுத்து நம் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டார்கள்.

இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அலுமாரிக்கு மேலிருந்த பழைய தகரப்பெட்டியை இறக்கச் சொன்னாள். உனக்கு ஞாபகம் இருக்கும், தொண்ணூறுகளில் அவள் குடும்பநல உத்தியோகத்தராக மூதூர்ப் பக்கம் வேலை செய்தாள். ஜெற்றியில் லோஞ்ச் ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து சைக்கிள். லோஞ்ச் ஓடாத நாட்களில் அங்கேயே யாராவது தாயின் வீட்டில் படுத்துவிடுவாள். பெட்டிக்குள் இருந்தது அவள் தனக்கென்று வைத்திருந்த சி.ஆர். கொப்பி ஒன்று. நீலக் கோடு போட்ட பக்கம், இடது பக்கம் பிள்ளையின் முதலெழுத்தும் பிறந்த மாதமும், வலது பக்கம் மாதாமாதம் நிறை. ஒரு வரியில் 7.2, 7.2, 7.0 என்று இருந்தது. பிறகு இரண்டு மாதம் வெறும் கோடு. பிறகு 7.9. "அந்த ரெண்டு மாதமும் சனம் இடம்பெயர்ந்து கோயிலில் இருந்தது. தராசைக் கொண்டுபோக ஏலாமல் போச்சு," என்றாள். அந்த 7.9க்கு நேரே சிவப்புப் பேனையால் சின்னதாக ஒரு சரி போட்டிருந்தாள். இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்தச் சரியின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு, நமக்கு விபரமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எழுதினவர்கள் இருந்தார்கள். மேலே போன வழிதான் அறுந்திருந்தது.

எண்ணிக்கை ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேரியாவைப் பார். நாம் ஏழாம் வகுப்பில் ஒருவர் மாறி ஒருவர் குளிரில் நடுங்கிக் கிடந்தோம், நினைவிருக்கிறதா? 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. விட்டது சனியன் என்று கையைத் தளர்த்தினார்கள். சில வருடத்தில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு காய்ச்சல் என்று வந்தவர்களின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்தார்கள், யுத்தத்துக்குள்ளும் பார்த்தார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. பூச்சியம் என்று எழுதுவதற்கும் ஒருவர் தேடிப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெற்றுக் கட்டம்.

உன் வேலைக்கு வருவோம். உலக வங்கி, உலக சுகாதார நிறுவனத்தின் தளங்கள் நாட்டுக்கு நாடு ஒப்பிட நல்லவை. மூதூர் அதில் இல்லை, அங்கே நேரத்தைச் செலவழிக்காதே. 2016 ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமலும், 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லாமலும் இருந்தார்கள். இது நம்பிச் சொல்லக்கூடிய எண். ஆனாலும் இரண்டு எச்சரிக்கை. 2022இல் பால்மாவும் பருப்பும் விலை ஏறி, சனம் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்த காலத்துக்கு முந்திய எண் அது. மேலும், மாதிரி எடுத்துச் செய்யும் ஆய்வு மாவட்ட மட்டத்திலேயே தடுமாறும். ஒரு கிராம சேவகர் பிரிவைப் பற்றி அதால் வாய் திறக்க முடியாது.

கிராம மட்டத்துக்குப் பேசக்கூடியது ஒன்றுதான்: கிளினிக்கில் மாதாமாதம் நிறை பார்க்கும் தராசு. அந்த எண்கள் எம்.ஓ.எச். பணிமனை வழியாகக் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குப் போகின்றன. மாவட்டத் தொகுப்புகளைப் பணியகம் தன் வருடாந்த அறிக்கையில் வெளியிடுகிறது. அதை எடுத்து முதலில் நாட்டுச் சராசரியோடு ஒப்பிடு. அக்கா சொல்வது: "எத்தனை பேருக்கு நிறை குறைவு என்று மட்டும் கேட்காதே, எத்தனை பேருக்கு நிறை பார்த்தார்கள் என்றும் கேள். நூறு பிள்ளையில் அறுபதுதான் கிளினிக்குக்கு வந்தது என்றால், வராத நாற்பதுதான் எனக்குப் பயம்." இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத பாடம்.

கிராம சேவகர் பிரிவு வாரியான விபரத்துக்கு நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயர், விலாசம் எதுவும் கேட்கமாட்டேன். பிரிவு, வயது, நிறை பார்த்த பிள்ளைகளின் எண்ணிக்கை, நிறை குறைந்தவர்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் நேரில் போய்க் கதைப்பது முறை. அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவர் இரண்டு பேரின் வேலையைப் பார்க்கிறார்கள். கடிதத்தால் மிரட்டுவது போல் ஆகிவிடக்கூடாது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமா ஒழுங்காகக் கிடைக்கிறதா, தராசுகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்றும் கேட்டு வருகிறேன். உங்கள் காசு உண்மையில் அதற்குத்தான் தேவைப்படுமோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

எந்தெந்தப் பிரிவுகளை நினைத்திருக்கிறீர்கள் என்று இந்தக் கிழமைக்குள் எழுது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மூதூருக்குப் போகிறேன். இப்போது பாலங்கள் வந்துவிட்டன, லோஞ்சுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அக்காவும் வருவதாக நிற்கிறாள். முழங்காலைச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன், கேட்கிறாள் இல்லை. அந்த 7.9 பிள்ளைக்கு இப்போது முப்பதுக்குக் கிட்ட வயதிருக்கும், அங்கே யாரிடமாவது விசாரிக்க வேண்டுமாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
ஒரே வாங்கில் உன்னோடு இருந்தவன்