பெயர் கேட்க மறந்த அக்காவுக்கு

ஓட்டுநர் தேர்வில் இரண்டாவது முறையும் தோற்றுவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். மகனுக்காகக் காத்திருந்த நீங்கள்தான், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டீர்கள். மேட்டில் கார் பின்னால் உருண்டு ஆஃப் ஆனதைச் சொன்னேன்.

"டிரைவிங் மாஸ்டர் கிளட்ச்சை உன்னையே மிதிக்க விட்டாரா?"

அப்போதுதான் உறைத்தது. 12 வகுப்பிலும் பாதி நேரம் கிளட்ச்சை மிதித்தது என் கால் இல்லை, பக்கத்து இருக்கையில் மாஸ்டருக்கென்று இருந்த பெடல்!

உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுத்தவரின் எண்ணைத் தந்தீர்கள். "முதல்ல ஒரே ஒரு வகுப்பு போ. கத்தினார்னா வேற ஆளைப் பாரு" என்றீர்கள்.

அவர் கத்தவில்லை. முதல் நாள் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை. சமதரையில் கிளட்ச்சை மெல்ல விட்டு, இன்ஜின் சத்தம் கனத்து வண்டி லேசாக அதிரும் இடத்தைக் கால் தானாகக் கண்டுபிடிக்கும்வரை அதே பாடம்தான். சலிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, அந்த அதிர்வு வந்து கொஞ்சம் ஆக்சிலரேட்டரும் கொடுத்த பிறகே பிரேக்கை விடச் சொன்னார். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

நேற்று தேறிவிட்டேன். எண்ணைக் குறித்த அவசரத்தில் உங்கள் பெயரைக் கேட்கவில்லை, தம்பி அன்று பாஸானானா என்றும் கேட்கவில்லை. ரொம்ப நன்றி, அக்கா.